தாம்பாளத்தோடு நடுத்தெருவில்

மண்டபத்துக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. அதன் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. பட்டுச்சேலையின் கொசுவம் பாதி அவிழ்ந்து தார் ரோட்டில் புரண்டது. இரண்டு கையிலும் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். அதில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சேலை, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பந்து பந்தாக மல்லிகைப் பூ. ஒரு வெற்றிலைகூடக் கீழே விழவில்லை.

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, விசேஷம் எங்கன நடக்குதுன்னு தெரியாம நிக்கிறீகளா? எதுத்தாப்புல இருக்குல்ல, அந்த மண்டபந்தான். உள்ள போங்க."

உள்ளேயிருந்துதான் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே நடப்பது என் மகளின் நிச்சயதார்த்தம், அவளை மேடையிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஓடிவந்துவிட்டேன் என்பதை ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"சரிண்ணே" என்றேன்.

கதவோரத்து நாற்காலி

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கூச்சம் பழகியிருக்கும். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போய்விட்டால் வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பத்தாவதுக்கு மேல் படிக்காத, வாயே திறக்காத பெண் பத்திரிகையில் எப்படி எழுதுகிறாள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் நான் ஓடியதற்குக் கூச்சம் காரணம் இல்லை. அது எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரிடமும் இருக்கிற ஒரு பழக்கம்.

எம். புதுப்பட்டியில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு ஆலைக்குப் போகிறவர்தான். எங்களை எந்த ஊர்க் கல்யாணத்திலும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். முன்வரிசை காலியாகக் கிடக்கும். நாங்கள் கடைசியில் கதவோரமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். "பொண்ணு வீட்டுச் சொந்தக்காரங்க முன்னால வாங்க" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். ஒருவரும் அசையமாட்டோம். மரியாதை தெரியாத கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். சினிமா தியேட்டரில் எல்லாரும் நடு சீட்டுக்குச் சண்டை போடும்போது, எங்கள் ஆட்கள் ஓரத்து சீட்டுக்குச் சண்டை போடுவார்கள்.

அதற்காகச் சத்தத்துக்குப் பயந்தவர்கள் என்று எங்களைச் சொல்ல முடியாது. கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போடும்போது பக்கத்தில் நின்றே காப்பி குடிப்போம். அது சொல்லிவைத்து வருகிற சத்தம். சொல்லாமல் வருகிற சத்தம்தான் வேறு. வீட்டில் எவர்சில்வர் குடம் உருண்டால் போதும், என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தாலும் தெருவாசலுக்கு வந்துவிடுவார். ஒருமுறை அப்படி வந்து நின்ற கோலத்தை எதிர்வீட்டில் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் எழுதினால் இந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் விடமாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் போர்மேன் எங்களை வேப்பமரத்தடியில் நிற்கவைத்துச் சொன்னது இதுதான்:

"சத்தம் கேட்டா ஓடு. என்ன சத்தம்னு பாக்காத. செருப்பைத் தேடாத. எவ பேரையும் கூப்பிடாத. திரும்பவே திரும்பாத. வெளிய போயிட்டு மத்ததப் பேசிக்கிடலாம்."

ஒவ்வொரு அறையிலும் எதிரெதிரே கதவுகள் இருக்கும். சத்தம் கேட்டால் அவரவருக்குக் கிட்டத்தில் இருக்கிற கதவு. யோசிக்கக் கூடாது. வெளியே ஓடிப்போய் மரத்தடியில் நின்ற பிறகுதான் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்ப்போம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தகரம் காற்றில் அடித்திருக்கும். லாரி டயர் வெடித்திருக்கும். ஓடினவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவோம்.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பினாள். அவளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் ஓடுகிற பழக்கம் வெறும் பயம் இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எலுமிச்சம்பழத் தோல்

எனக்குத் தரைச்சக்கரத்துக்குத் திரி வைக்கிற வேலை. சாயங்காலம் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் ஒரு சாம்பல் நிற மினுமினுப்பு நிற்கும். ரேஷன் கடையில் கையை நீட்டினால் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கவே வேண்டாம்.

என் மகள் கார்த்திகாவின் கை அப்படி இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் பிடிவாதம். லீவு நாளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று அழுவாள். ஆலை வாசல் பக்கமே வரவிடமாட்டேன். படித்தாள். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். பையனின் அம்மா பள்ளிக்கூட டீச்சராம்.

டீச்சர் என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. டீச்சருக்கு முன்னால் நான் எப்படி உட்காருவேன்?

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் முழுக்க எலுமிச்சம்பழத் தோலால் நகத்தைத் தேய்த்தேன். விரல் எரிந்ததே தவிர மினுமினுப்புப் போகவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஓர் உத்தரவும் போட்டேன். மண்டபத்தில் யாரும் ஆலைப் பேச்சுப் பேசக் கூடாது. கார்த்திகா எங்கள் வேலையைப் பற்றி அவர்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. இது நானாகச் செய்த ஏற்பாடு. பாதியாவது டீச்சர் வீட்டுக்குச் சமமாகத் தெரியவேண்டும் என்ற ஆசை.

என் வீட்டுக்காரரின் அக்கா, பேச்சியம்மாள் மதினி, அதே ஆலையில் பேக்கிங்கில் இருக்கிறார். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"ஆலைப் பேச்சு பேசக் கூடாதுன்னா வேற என்னத்தத்தா பேசுறது? எனக்கு வேற என்ன தெரியும்?"

"சும்மா சிரிச்சுக்கிட்டு இருங்க மதினி."

"காலையிலருந்து சாயங்காலம் மட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்தா கிறுக்குன்னுல நினைப்பாக?"

வண்ணக் காகிதம்

மண்டபம் விருதுநகரில். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மதினி சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா மேடையில் என் பக்கத்தில் வந்து, "நீங்க ரொம்ப அமைதிங்க, எனக்குப் புடிச்சிருக்குது" என்றார். கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. இரண்டு அம்மாக்களும் எதிரெதிரே நின்றோம். கார்த்திகா என் இடப்பக்கம். கை நீட்டினால் தொடலாம். சம்பந்தியம்மா தாம்பாளத்தை நீட்டினார். நான் பிடித்தேன். அவர் இன்னும் விடவில்லை. இருவர் கையும் தாம்பாளத்தில் இருக்கிற அந்த நிமிஷத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் ஆசையாக வாங்கிவந்திருந்த ஓர் அட்டைக்குழாயைத் திருகினாள்.

*பட்.*

வண்ணக் காகிதங்கள் பூ மாதிரி மேலே போய்க் கீழே இறங்கினவாம். பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் பஞ்சர் கடை வாசலில் இருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் நான் தனியாக இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் ரோட்டில். என் வீட்டுக்காரர் கையில் பாதி கடித்த லட்டு. முட்டுவலி என்று மண்டபத்துப் படியில் இரண்டு பேர் தாங்கி ஏற்றிவிட்ட மதினி, எல்லாருக்கும் முந்திப் போய் டீக்கடைப் பக்கம் நின்றார். சமையல்காரர்கள் ஆமத்தூர்க்காரர்கள், அதுவும் பட்டாசு ஆலை ஊர்தான். அவர்களும் வந்திருந்தார்கள், அப்பளம் பொரிக்கிற கரண்டியோடு.

மதினி பழக்க தோஷத்தில் கழுத்தை நீட்டி ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நம்ம ஆளுக எல்லாம் வந்தாச்சா? தம்பி இருக்கான். சித்தி இருக்காக. மாரி, நீ இருக்க..." சட்டென்று நிறுத்தினார். "ஏ மாரி. பொண்ணு எங்கத்தா?"

எல்லாரும் மண்டப வாசலைப் பார்த்தோம். கதவு இரண்டும் நாங்கள் தள்ளின வேகத்தில் அகலத் திறந்து கிடந்தன. நேரே மேடை தெரிந்தது. கார்த்திகா நின்ற இடத்திலேயே நின்றாள். தலையெல்லாம் வண்ணக் காகிதம். அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து நாற்காலிகளில் பாதி கவிழ்ந்து கிடந்தன.

"என்னமோ வெடிச்சிருச்சுன்னு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்து, லட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி ஏறிய படிகள்

ஓடியது ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. திரும்பிப் போவதுதான் பெரும்பாடு. யார் முன்னால் போவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீதான பொண்ணைப் பெத்தவ, நீ முன்னால போ" என்றார் மதினி. "தட்டும் உன் கையிலதான இருக்கு. அதுவாச்சும் முன்னால போகட்டும்."

"ஏன் மதினி இத மட்டும் விடாமத் தூக்கிட்டு வந்தேன்?"

"தினமும் வெடிமருந்துத் தட்டைத் தூக்குறவ. கை கீழ போடுமா? சக்கரம்னு நினைச்சிருக்கும்."

தலையைக் குனிந்துகொண்டு போனேன். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "நிச்சயத்தன்னிக்குப் பொண்ணைப் பெத்தவங்களே தட்டோட ஓடிப்போனா, இது என்ன சகுனமுங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. கார்த்திகாவுக்கும் கேட்டது. அவள் உதடு இறுகியதைப் பார்த்தேன். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அதற்கு நான் ஒருத்திதான் காரணம் என்று நினைத்தபோது, தாம்பாளத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தார். என் காலைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். என் விரல்களையும் பார்த்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"என்ன சகுனமுங்க? நல்ல சகுனந்தான். எங்க தட்டு அவங்க கூடப் போயிருச்சு. அவங்க பொண்ணு எங்ககிட்ட நின்னுருச்சு. மாத்தியாச்சுங்க. சாப்பிடப் போலாமுங்களா?"

மண்டபமே சிரித்தது. எங்கள் ஆட்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். உத்தரவு இல்லாமலே மதினி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பந்தியில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று ஆலைக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்காதவள் கார்த்திகா ஒருத்திதான். அவங்க பொண்ணு எங்ககிட்ட நின்னுருச்சு. சம்பந்தியம்மாவின் அந்த வார்த்தை அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

மணப்பெண் அறையில்

சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் மட்டும் கூட இருந்தேன். தலையிலிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"உன் கைக்கு எட்டுற தூரத்துலதானம்மா நின்னேன்."

"ஆமா."

"தட்டைத் தூக்கத் தெரிஞ்சுச்சுல்ல?"

போர்மேன் சொன்னதைச் சொன்னேன். சாப்பாட்டுத் தூக்குக்காகத் திரும்பினவளைப் பற்றி அவளிடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நெசமாவே வெடிச்சிருந்தாலும், நான் உள்ள இருந்தாலும், நீ ஓடித்தான் இருப்ப?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். ஆனால் பஞ்சர் கடை வாசலில் நின்ற கால் என்னுடையது. அது என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"வெளிய வந்துட்டுத்தான் உன்னைத் தேடியிருப்பேன்" என்றேன்.

கையிலிருந்த காகிதத் துண்டைக் கசக்கிப் போட்டாள். பிறகு கண்ணாடியிலிருந்து திரும்பினாள்.

"எல்லாரும் ஓடுனீக. எனக்கு மட்டும் ஏன் ஓடணும்னே தோணல?"

"உனக்குப் பழக்கமில்லேல்ல."

"ஏன் பழக்கமில்ல?"

அவளை ஆலை வாசல் பக்கமே விடாதவள் நான். அது அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் தரையைத்தான் பார்த்தாள்.

"கால்ல ரத்தம் வருது" என்றாள். பெட்டியிலிருந்து துணியை எடுத்து, தண்ணீர் தொட்டு, குதிகாலில் குத்தியிருந்த கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு போன் எல்லாம் அவள் அப்பாவுக்குத்தான் வந்தது. "அம்மா சாப்பிட்டாளா?" என்று கேட்பாள். "இந்தா பேசு" என்று அவர் போனை நீட்டுவதற்குள் வைத்துவிடுவாள்.

இதற்கு நடுவில் நிச்சயதார்த்த வீடியோ வந்தது. அட்டைக்குழாயைத் திருகின அந்தச் சித்தப்பா மகள்தான் பாட்டெல்லாம் சேர்த்து அனுப்பியிருந்தாள். ஆலை பஸ்ஸில் எல்லார் போனிலும் ஓடியது. தாம்பாளத்தோடு படி இறங்குகிற ஒரு பெண். என்ன வேகம்! அதில் என் முகம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் டிரைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட ஆரம்பித்திருந்தார்.

பின்வாசல்

மழைக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனே அடித்தது. கார்த்திகா.

"அம்மா, கல்யாணத்துக்கு மேடையில வாணம் வைக்கலாம், பேப்பர் வெடி வைக்கலாம்னு இங்க எல்லாரும் பேசுனாங்க. நான் ஒண்ணும் வேண்டாம்னுட்டேன்."

"எனக்காக வேண்டாம்னு சொல்லாத. சின்னஞ்சிறுசுக ஆசைப்படும்."

"உனக்காக இல்ல. பாதிக் கல்யாணத்துல பந்தல் காலியாச்சுன்னா யாரு அட்சதை போடுறது?"

குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. துணிந்து கேட்டேன்.

"அப்படியும் எதாச்சும் வெடிச்சுட்டா?"

"வெடிச்சா ஓடு. நானும் வர்றேன். எந்தப் பக்கம்னு மட்டும் முன்னாலயே சொல்லிரு."

மறுவாரம் கல்யாண மண்டபம் பார்க்கப் போனோம். என் வீட்டுக்காரர் சமையல்கட்டைப் பார்த்தார். மதினி பந்திக் கூடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேடைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு கதவு இருந்தது. குறுக்கே சங்கிலி, அதில் பெரிய பூட்டு.

மானேஜர் மேஜையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். வழக்கமாக இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லியிருப்பேன். காது சுட்டது. போய் நின்றேன்.

"அண்ணே, அந்தப் பின்வாசல் சாவி யார்ட்ட இருக்கு?"

"அது எதுக்கும்மா? அதத் திறக்கிறதே இல்ல."

"கல்யாணத்தன்னிக்கு அது திறந்திருக்கணும்ணே."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "பொண்ணு வீட்டுக்காரவுக எல்லாம் அதப் பூட்டிவைக்கத்தான்மா சொல்வாக. பொண்ணு ஓடிரக் கூடாதுன்னு. நீங்க திறக்கச் சொல்றீக?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் முகம் முழுக்க எரிந்தது.

"நான் ஓடுவேண்ணே" என்றேன். "அவளையும் கூட்டிக்கிட்டு."

அவர் எழுந்து உள்ளே போய்ச் சாவியைத் தேடி எடுத்துவரும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.